முன்னாள் படையினருக்கான வெளிநோயாளர் சிகிச்சை

போதைக்கு அடிமையானவரை வைத்தியசாலையில் அடைத்துவைத்தாலன்றி மீட்க இயலாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அமெரிக்கப் படையினரின் அனுபவம் வேறு விதமானது.

1971 இல் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைச் சமூகவியலாளர் லீ ரொபின்ஸ் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அங்கு ஹெரோயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். அத்தகையோருள் நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் 5 சதவீதமளவினரே. பெரும்பாலானோர் சிகிச்சையையே நாடவில்லை. சூழல் மாறியமை அவர்களைக் காத்தது என்றே நாம் கருதுகின்றோம்.

வீடு திரும்பியபின் அடிமையாகுபவருக்கு அந்த வாய்ப்பில்லை. விடுதியில் தங்கிக் குணமடைந்தாலும் அவர் அதே தெருவுக்கே மீளவேண்டும். எனவேதான் குடும்பத்துடன் வாழ்ந்தவாறே பெறும் வெளிநோயாளர் சிகிச்சை முக்கியம் பெறுகின்றது. மெதடோன் பெறுபவர், குறிப்பாகத் தொடக்கத்தில், அநேகமாக நாள்தோறும் நிலையத்துக்குச் செல்ல நேர்கின்றது. தொலைதூரக் கிராமத்தவருக்கு இது சிகிச்சையா, தண்டனையா? புப்ரெனோர்பினை வீட்டிலேயே உட்கொள்ளலாம். அதனை எழுதிக்கொடுக்க வைத்தியர்கள் பெறவேண்டியிருந்த விசேட அனுமதி 2022 இறுதியில் நீக்கப்பட்டது.

மருந்தைவிடப் பெரிய தடை படைவிலகல் பத்திரமாகும். போதைப்பாவனைக்காக அவப்பெயருடன் விலக்கப்பட்டோருக்கு முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தின் கதவுகள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. நோயே நோயாளியைத் தகுதியற்றவராக்கிய விந்தை இது! அவர்களுள் போர்முனையில் பணியாற்றியோர் பலருக்கு உளநலச் சிகிச்சை பெறும் உரிமையைச் சட்டம் வழங்கியது 2018 இல்தான்.