மனச்சோர்வு: மூளை வேதியியலைப் படம்பிடித்தல்

மனச்சோர்வு நோயில் மூளையின் வேதிப் பரிமாற்றம் எவ்வாறு மாறுகிறது என்பதை உயிருள்ள மனிதரிடமே, மண்டையைத் திறக்காமல் அளந்து பார்க்கும் ஆய்வுத்துறை. இதன் முதன்மைக் கருவி பாசிட்ரான் உமிழ்வுப் படமாக்கம். மருத்துவமனைப் பேச்சில் பெட் ஸ்கேன். அடுத்த இடத்தில் காந்த அதிர்வு நிறமாலையியல் இருக்கிறது. நாளிதழ்கள் பல சமயம் மன அழுத்தம், மனச்சோர்வு என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகவே எழுதுகின்றன. இங்கே பேசப்படுவது வேலைப் பளுவால் வரும் அழுத்தம் அல்ல. எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்துக்கொள்ளுதல் முதலியவை குறைந்தது இரண்டு வாரம் விடாமல் நீடிக்கும் நோய்நிலை.

கருதுகோள் வந்த வழி

மனச்சோர்வு மூளையின் வேதிப்பொருள் குறைவால் வருகிறது என்ற எண்ணம் மூளையை ஆராய்ந்து பிறந்ததல்ல. மருந்துகளின் பக்கவிளைவுகளிலிருந்து பின்னோக்கி ஊகித்தது. 1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியசிட், நோயாளிகள் சிலரை வழக்கத்துக்கு மீறி உற்சாகப்படுத்தியது. அது மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடக்கி, செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகிய மூளை வேதிப்பொருள்கள் சிதையாமல் காக்கிறது என்பது தெரியவந்தது. நம் ஊர் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் நேரெதிர் வேலை செய்தது: இரத்தக் கொதிப்பைக் குறைத்தது, கூடவே அந்த வேதிப்பொருள்களின் சேமிப்பையும் மூளையில் வற்றச் செய்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் சோர்ந்துபோனதாகக் குறிப்புகள் வந்தன. அந்தக் குறிப்புகளின் உறுதி பின்னாளில் கேள்விக்குள்ளானது, ஆனால் அதற்குள் கதை எழுதப்பட்டுவிட்டது. 1965-இல் அமெரிக்காவின் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினையும், 1967-இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரட்டோனினையும் முன்னிறுத்தினார்கள்.

சரிபார்க்கத்தான் வழியில்லை. உடலின் செரட்டோனினில் பெரும்பங்கு குடலில் இருக்கிறது. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. ஆகவே இரத்தப் பரிசோதனை மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது. முதுகுத் தண்டுநீரில் செரட்டோனினின் கழிவுப்பொருளை அளந்தார்கள், இறந்தவர்களின் மூளைத் திசுவையும் ஆராய்ந்தார்கள். முதலாவது, தெருக்கோடி சாக்கடையைப் பார்த்து எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்வது போன்றது. இரண்டாவதில், மூளை சாவதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பது தெரியாது.

பெட் எதை அளக்கிறது

தமிழ்நாட்டில் பெட் ஸ்கேன் என்றதும் புற்றுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். அங்கே ஏற்றுவது ஃபுளோரின்-18 சேர்த்த சர்க்கரை. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடம். ஓரிடத்தில் தயாரித்து வண்டியில் வேறிடத்துக்கு அனுப்பலாம். மூளை வேதியியல் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் எந்திரமும் வேதியியல் கூடமும் ஸ்கேன் அறையும் அருகருகே இருந்தாக வேண்டும். இந்த ஆய்வுகள் உலகில் சில மையங்களிலேயே நடப்பதற்கும், ஓர் ஆய்வில் பெரும்பாலும் இருபது முப்பது பேருக்கு மேல் சேராததற்கும் பணமும் இந்த இருபது நிமிடமுமே காரணம்.

தடங்காட்டி மருந்து சிறிதளவு சிரையில் ஏற்றப்படுகிறது. அது மூளையில் தனக்கு ஏற்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. அதன் கதிரியக்க அணு உமிழும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி மறையும்போது, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. தலையைச் சுற்றியுள்ள வளையம் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, அவை பிறந்த இடத்தைக் கணிக்கிறது. 1983-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்றி வாக்னர் தம் மூளையிலேயே டோபமின் ஏற்பிகளை இவ்வாறு படமாக்கிக் காட்டினார்.

படத்தில் தெரிவது வேதிப்பொருள் அல்ல, அது வந்து அமரும் ஏற்பிகள் என்னும் இருக்கைகள். இந்தத் துறையின் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருபவை. ஊருக்குப் போகும் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். எத்தனை துண்டு விழுந்தது என்பதுதான் கணக்கு. குறைவாக விழுந்தால் பேருந்தில் இருக்கையே குறைவு என்றும் பொருள். முன்பே ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் பொருள். எது என்பதை ஒரே ஒரு ஸ்கேன் சொல்லாது.

செரட்டோனின் ஏற்பிச் சிக்கல்

5-எச்.டி.1ஏ என்னும் செரட்டோனின் ஏற்பியின் கதை இதற்கு நல்ல சான்று. 1999-இல் பிட்ஸ்பர்க்கில் வேய்ன் டிரெவெட்ஸ் குழுவும், அடுத்த ஆண்டு லண்டன் குழு ஒன்றும் மனச்சோர்வில் இந்த ஏற்பி குறைந்திருப்பதாகக் கண்டன. 2006-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராமின் பார்சி குழு, மருந்தே எடுத்திராத நோயாளிகளிடம் அது கூடியிருப்பதாக அறிவித்தது. மூன்று குழுக்களும் பயன்படுத்தியது ஒரே தடங்காட்டி. வேறுபாட்டில் நோயாளிகளின் மருந்து வரலாற்றுக்கும் பங்குண்டு, கணக்கிடும் முறைக்கும் பங்குண்டு. ஏற்பியே இல்லாத பகுதி என்று சிறுமூளையை அடிப்படையாக வைத்துக் கழிப்பது ஒரு முறை. தமனியில் ஊசி வைத்து இரத்தம் எடுத்துத் தடங்காட்டியின் அளவை நேரடியாகப் பார்ப்பது இன்னொன்று. அடிப்படைப் பகுதியையும் அளவீட்டையும் மாற்றினால் ஒரே தரவிலிருந்து எதிரெதிர் விடை வரக்கூடும் என்பதைப் பார்சி குழுவே பிறகு காட்டியது.

மருந்தும் நொதியும்

மருந்து ஆய்வில் பெட் தெளிவான விடை தந்திருக்கிறது. 2004-இல் டொராண்டோவின் ஜெஃப்ரி மேயர் குழு, வழக்கில் உள்ள ஐந்து மனச்சோர்வு மருந்துகளைக் குறைந்தபட்ச சிகிச்சை அளவில் கொடுத்து, செரட்டோனினை மீட்டெடுக்கும் கடத்துப் புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அவை அடைத்துக்கொள்வதைக் கண்டது. அதற்கு மேல் அளவைக் கூட்டினாலும் அடைப்பு அதிகம் கூடுவதில்லை. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே அடைப்பு தொடங்கிவிடுகிறது, நோயாளி தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. ஆகவே செரட்டோனினைக் கூட்டியதுமே மனம் தேறிவிடும் என்ற எளிய கணக்கு பொருந்துவதில்லை.

அதே குழு 2006-இல், பெகானம் ஹர்மாலா என்ற பாலைநிலச் செடியில் காணப்படும் ஹார்மின் சேர்மத்தைத் தடங்காட்டியாக்கி, மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ நொதியை அளந்தது. மருந்து எடுக்காத நோயாளிகளிடம் அது சராசரியாக 34 விழுக்காடு கூடியிருந்தது. பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் தாய்மாரிடமும் இந்த நொதி ஏறியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரசவித்த நான்காம் ஐந்தாம் நாளில் காரணமின்றி அழுகை வருவதை வீட்டுப் பெண்கள் எப்போதும் அறிந்தே வந்திருக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டின் விவாதம்

2022-இல் ஜோனா மான்கிரீஃப் முதலானோர், அதுவரையிலான ஆய்வுத் தொகுப்புகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு நிலையான சான்று இல்லை என்று எழுதினார்கள். பத்திரிகைகள் அதை மருந்தே வீண் என்பதுபோல் பரப்பின. இரண்டும் வேறு. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதை மருத்துவச் சோதனைகள் சொல்லும். அது ஏன் வேலை செய்கிறது என்பது தனிக் கேள்வி. காய்ச்சல் மாத்திரை தலைவலியை ஆற்றுகிறது என்பதற்காகத் தலைவலி, காய்ச்சல் மாத்திரைக் குறைபாட்டால் வருவதாகாது.

அதே ஆண்டில் இம்பீரியல் கல்லூரியின் டேவிட் எரிட்சோ குழு, இருக்கைகளை விட்டுவிட்டுச் செரட்டோனின் வெளிப்பாட்டையே அளக்க முயன்றது. செரட்டோனினைப் பெருக்கும் டெக்ஸாம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்தார்கள். செரட்டோனின் பெருகினால் தடங்காட்டி இருக்கையை விட்டு விலக வேண்டும். நலமாயிருந்த 20 பேரிடம் விலகியது. மனச்சோர்வுள்ள 17 பேரிடம் குறிப்பிடும்படி விலகவில்லை. அவர்களில் சிலருக்குப் பார்கின்சன் நோயும் இருந்தது. நோயின் தீவிரத்தோடு இந்த அளவு பொருந்தி வரவுமில்லை. முறை அழகானது, ஆட்கள் கொஞ்சம்.

செரட்டோனினுக்கு அப்பால்

காந்த அதிர்வு நிறமாலையியல் சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியிலேயே, கதிரியக்கமின்றிச் செய்யக்கூடியது. இதைக் கொண்டு 1999-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜெரார்டு சனகோரா குழு, நோயாளிகளின் மூளையின் பிடரிப் புறணியில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருள் குறைந்திருப்பதைக் கண்டது.

மனச்சோர்வில் மூளை அழற்சி உண்டா என்று தேடியவர்கள் டி.எஸ்.பி.ஓ. என்ற புரதத்தைப் படமாக்கினார்கள். 2015-இல் டொராண்டோ ஆய்வு, 20 நோயாளிகளிடம் அது ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருப்பதாகச் சொன்னது. இந்தப் புரதத்தின் மரபணு ஆளுக்கு ஆள் மாறி, தடங்காட்டி ஒட்டும் அளவையும் மாற்றிவிடுகிறது. மரபணுவைப் பார்க்காமல் எடுத்த ஸ்கேனை ஒப்பிட முடியாது. 2019-இல் யேல் குழு நரம்பிணைப்புகளின் அடர்த்தியையே அளந்து, நோய் தீவிரமாக உள்ளவர்களிடம் அது குறைவாக இருப்பதைக் காட்டியது.

மருத்துவப் பயன்

மனச்சோர்வைக் கண்டறிய எந்த மூளைப் படமும் இன்று பயன்படுவதில்லை. மேலே கண்ட எண்களெல்லாம் குழுச் சராசரிகள். நோயாளிகளின் அளவுகளும் நலமுள்ளவர்களின் அளவுகளும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. தனி ஒருவரின் படத்தை எடுத்து வைத்து இவர் நோயாளி என்று சொல்ல இயலாது. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவுமா என்று பார்த்ததில் பலரும் குறிப்பிடுவது எமரி பல்கலைக்கழகத்தில் ஹெலன் மேபெர்க் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு. வலது முன் இன்சுலா பகுதியின் செயல்பாடு தாழ்ந்திருந்தவர்கள் பேச்சுவழிச் சிகிச்சையிலும், உயர்ந்திருந்தவர்கள் எசிட்டலோப்ராம் மாத்திரையிலும் தேறினார்கள். அங்கே அளந்தது செரட்டோனினையோ வேறு நரம்புக் கடத்தியையோ அல்ல. புற்றுநோய் ஸ்கேனில் ஏற்றும் அதே ஃபுளோரின் சர்க்கரையை மூளை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான்.