முதல் பந்தி யாருக்கு?



விருந்தோம்பலுக்கு நம்ம திருவண்ணாமலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1896 செப்டம்பர் 1-ல் இங்கு வந்த வேங்கடராமன் என்ற பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 1950-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அவர் அவர்களைத் தடுக்கவில்லை. தொடையில் அடி விழுந்தபோதும், திருப்பி அடிக்கக் கூடாது என்று சீடர்களைத் தடுத்தார். விளக்கு கேட்டார்கள், அதையும் கொடுக்கச் சொன்னார்!

பிற்காலத்தில் விடியுமுன் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குவார். தன் இலையில் மட்டும் கூடுதலாக வைத்தால் கோபம் வரும். ஒருமுறை, பரதேசிகள் அப்புறம் வரட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே எழுந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாராம், தானும் பரதேசிதான் என்று. அதன்பின் பரதேசிகளுக்கே முதல் சாப்பாடு.

அவர் உத்தரவு போடவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். தலைமை என்பது அதுதானே?

இன்று நம் விருந்தில் பரிமாறும் தம்பி தங்கைகளும், சமையற்காரரும், வாட்ச்மேனும் சாப்பிட்டாச்சா? கேட்டுட்டு உட்காருவோமே!