லாட்டரிச் சீட்டும் உழைப்பாளியின் வெள்ளியும்

"வாரம் ஒரு வெள்ளி போனால் குடியா மூழ்கிவிடும்? விழுந்தால் நம் காலமே மாறிவிடுமே!" தோட்டத்து லயத்திலும் பட்டணத்துக் காப்பிக் கடையிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது. இதனை ஏளனஞ் செய்து தள்ளுதல் அறிவுடைமையாகாது. கூலியால் மட்டும் தன் வாழ்வு உயராது எனக் கண்ட மனிதனே இவ்வாறு கேட்கிறான். அவன் கண்டது பொய்யன்று. ஆனால் அவன் பிடித்த கொம்பு அவனைத் தாங்குமா என்பதே நாம் ஆராய வேண்டுவது. உபதேசத்தால் அன்றி, சரித்திரத்தாலும் கணக்காலும் அதனை ஆராய்வோம்.

லாட்டரியின் பிறப்பு

இங்கிலாந்தை முதலாம் எலிசபெத் ராணி ஆண்ட காலத்தில், துறைமுகங்களைச் செப்பனிடச் சர்க்காருக்குப் பணம் வேண்டியிருந்தது. புது வரி போட்டால் ஜனங்கள் முணுமுணுப்பர். ஆகவே, தாமாகவே விரும்பிக் கொடுக்கும் வரி ஒன்றைக் கண்டுபிடித்தனர். சீட்டு ஒன்றுக்கு 10 ஷில்லிங், முதற் பரிசு 5,000 பவுன் என்று விளம்பரஞ் செய்து, 1569ஆம் வருஷம் லண்டன் மாநகரில் குலுக்கல் நடத்தினர். நாலு லட்சம் சீட்டுகள் விற்கக் கருதியிருந்தும் பத்தில் ஒரு பங்குகூட விற்கவில்லை. 10 ஷில்லிங் அந்நாளில் ஏழைக்கு எட்டாத தொகை.

பிற்காலத்தார் இக்குறையை நீக்கினர். முழுச் சீட்டு வாங்க இயலாதவனுக்கு அதனைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கத் தரகர்கள் தோன்றினர். செல்வர் வீட்டு விளையாட்டு வேலைக்காரனின் குடிசைக்குள் நுழைந்தது. விளைவைக் கண்ட பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று 1808இல் லாட்டரியைக் கடுமையாகக் கண்டித்தது. 1826இல் இங்கிலாந்துச் சர்க்கார் அதனை அடியோடு நிறுத்திற்று. எனினும், இதே காலத்தில் கல்கத்தாவில் 1817இல் அமைந்த லாட்டரிக் கமிட்டி, சீட்டுப் பணத்தைக் கொண்டு வீதிகள் அமைத்து வந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

பொருளாதார நூலாசிரியர் ஆதம் ஸ்மித் 1776இலேயே இதன் சூட்சுமத்தை வெளியிட்டார். அதிகச் சீட்டு வாங்க வாங்க நஷ்டம் நிச்சயத்தை நெருங்கும். எல்லாச் சீட்டுகளையும் ஒருவனே வாங்கினால் நஷ்டம் முழு நிச்சயமாகும் என்பது அவர் காட்டிய உண்மை.

நம் மண்ணில் நடந்தது

சிங்கப்பூரில் 1820இலேயே ரெசிடெண்ட் பர்க்குவார், சூதாட்ட விடுதிகளுக்கு உரிமம் விற்று நிர்வாகச் செலவுக்குப் பணம் திரட்டினார். ராபிள்ஸ் அதனை வெறுத்து 1823இல் தடை செய்தார். அவருக்குப் பின் வந்த கிராபர்ட் அதே வருஷம் தடையை நீக்கிச் சூதாட்டக் குத்தகையை மீண்டும் நிறுவினார். கண்டனங்கள் வலுத்த பின்னர் 1829இல் அது ஒழிந்தது. ஒழுக்கம் ஒரு பக்கம், கஜானா மறு பக்கம்; இடையே ஊசலாடியது சட்டம்!

மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களின் கதை இன்னும் கொடியது. சூதாட்டக் குத்தகையை எடுத்தவர்களுள் சுரங்க முதலாளிகளும் இருந்தனர். ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் வாங்கிக்கொண்டனர். தோற்ற சீனக் கூலி கடனாளியானான். கடனாளியானவன் ஊர் திரும்ப இயலாமல் சுரங்கத்திலேயே கிடந்தான். ஐக்கிய மலாய் நாடுகளில் இக்குத்தகை 1912இன் இறுதியில்தான் மூடப்பட்டது. தோட்டத்து எல்லையிலே கள்ளுக்கடையைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்கு இந்த ஏற்பாட்டின் இரகசியத்தை விளக்கவும் வேண்டுமோ?

குத்தகை போயிற்று, சூது போகவில்லை. 'சாப் ஜி கீ' என்னும் பன்னிரண்டு எண் ஆட்டம் களவாகப் பரவியது. பன்னிரண்டில் ஓர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டினால், விழும்போது ஒன்றுக்குப் பத்து கிடைக்கும். பன்னிரண்டுக்குப் பத்து என்றால், ஆறில் ஒரு பங்கு நடத்துபவனுக்கு.

களவாட்டத்துக்குப் போகும் பணத்தைப் பொதுநலத்துக்குத் திருப்புவோம் என்று சர்க்கார்களே பின்னர் முன்வந்தன. சிங்கப்பூரில் 1968இல் டோட்டோ தொடங்கியது. அடுத்த வருஷம் தேசிய விளையாட்டரங்கம் கட்டச் 'சிங்கப்பூர் ஸ்வீப்' வந்தது. மலேசியாவிலும் 1969இல் நாலு நம்பர் ஆட்டம் சட்டப்படி வந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பதினாயிரம் எண்கள் உள. மலேசியாவில் வழங்கும் 'பெரிய' ஆட்டத்தில் ஒரு வெள்ளிக்கு முதற் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அடுத்த பத்து எண்களுக்கு 180 வீதம் 1,800. ஆறுதற் பரிசு பத்து எண்களுக்கு 60 வீதம் 600. ஒருவன் பதினாயிரம் எண்களையும் ஒவ்வொரு வெள்ளிக்கு வாங்கினான் என்று கொள்வோம். அவன் கையில் திரும்புவது 6,400 வெள்ளி, போனது 3,600. சிங்கப்பூரில் இதே கணக்குப்படி 6,590 வெள்ளி திரும்பும், 3,410 போகும்.

களவாட்டக்காரன் ஆறில் ஒரு பங்கு எடுத்தான். உரிமம் பெற்ற ஆட்டமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கிறது! களவாட்டத்தில் எண்ணைத் தீர்மானிப்பவன் நடத்துபவனே. ஆகையால் அங்கே வஞ்சனைக்கு இடமுண்டு. இங்கே குலுக்கல் யாவரும் காண நேர்மையாக நடைபெறுகிறது. ஆயினும் நேர்மையான குலுக்கல் வேறு. நியாயமான விலை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே நம்மவர் செய்யும் பிழை.

வாரத்துக்கு மூன்று குலுக்கல் என்றால் வருஷத்துக்கு 156. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை எடுத்து வருபவனுக்கு முதற் பரிசு, சராசரியாக 64 வருஷத்துக்கு ஒரு முறை விழும். அவன் பேரனுக்குப் பேரன் பிறக்கும் காலம்! டோட்டோவின் நிலை இதனினும் எட்டாதது. 49 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்ல 1,39,83,816 வழிகள் உள. அவற்றுள் ஒன்றே முதற் பரிசுக்குரியது.

கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய வண்டியின் எண், சாமியாடி சொன்ன எண் என்று தேடி அலைகிறோமே! உருளும் பந்துக்கு நம் கனவு தெரியுமா? எந்த எண்ணுக்கும் பதினாயிரத்தில் ஒன்று என்பதே விதி. எண்ணை அறிந்து சொல்லும் வல்லமை உடையவர், நம்மிடம் தட்சிணை வாங்கிப் பிழைப்பானேன்?

பொதுநலம் என்னும் வாதம்

"தோற்றாலும் பணம் நாட்டுக்குத்தானே போகிறது" என்பர் சிலர். இவ்வாதத்தைத் தமிழகத்தில் அறிஞர் அண்ணாவின் அரசே ஏற்று, 1968இல் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏழு வருஷத்துக்குப் பின், 1975இல், கலைஞர் கருணாநிதியின் அரசு அதனை நிறுத்தியது. மறுபடியும் அது தலைதூக்கி, தனியார் சீட்டுகளும் வெளி மாநிலச் சீட்டுகளும் பெருகிக் குடும்பங்கள் பல சீரழிந்த பின், 2003இல் ஜெயலலிதா அரசு முற்றாகத் தடை விதித்தது. நல்லோர் நல்லெண்ணத்தோடு தொடங்கினும், லாட்டரி தன் இயல்பையே காட்டும் என்பதற்கு இதுவே சான்று. பொதுநலம் வேண்டுமெனில் இருப்பவனிடம் அதிகம் கேட்பதே முறை. லாட்டரியோ இல்லாதவனின் ஏக்கத்தினிடம் கேட்கிறது.

அதே வெள்ளி வேறு பெட்டியில்

நிற்க. ஆசையைக் கைவிடு என்று மட்டும் சொன்னால் உழைப்பாளிக்கு என்ன பயன்? இதற்கும் நம் சரித்திரமே விடை தருகிறது.

1930இன் நெருக்கடியில் தோட்டத்து நாட்கூலி ஆணுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் இறங்கியது. அந்நாளில் ஒரு வெள்ளி என்பது ஓர் ஆண்மகனின் இரண்டரை நாள் உழைப்பு. அத்தகைய வறுமையில் வளர்ந்த மக்கள், சுதந்திரத்துக்குப் பின் வேறோர் ஆபத்தைக் கண்டனர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கினர். பால்வெட்டியவர் வீதியில் நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்கு சேர்க்கும்படி வேண்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது முதன்முதலாக வாங்கிற்று. பிற்காலத்தில் நாட்டின் பெரிய கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

லாட்டரியும் பலர் வெள்ளியை ஒன்றுசேர்க்கிறது, கூட்டுறவும் ஒன்றுசேர்க்கிறது. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடத்துபவர் எடுத்துக்கொள்ள, எஞ்சியது ஒரு சிலர் மடியில் விழுகிறது. இங்கே போட்டவன் பெயரில் பங்காக நிற்கிறது. லாபம் கூடலாம், குறையலாம். கணக்குக் கேட்கும் உரிமையாவது அவனுக்கு உண்டு. பரிசு விழாத சீட்டை வைத்திருப்பவன் யாரிடம் கணக்குக் கேட்பான்?

வேடிக்கைக்காக எப்போதோ ஒரு வெள்ளி போடுபவனை நாம் குற்றஞ் சொல்லவில்லை. அவன் கூத்துப் பார்க்கக் கொடுத்த காசாக அதனை எண்ணிக்கொள்ளட்டும். ஆனால் வறுமைக்கு மருந்தென்று வாரந்தோறும் அதனை விழுங்குபவன் நோயையே விலைக்கு வாங்குகிறான். குலுக்கல் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி வீதம் வருஷம் 780 வெள்ளியை அவனால் ஒதுக்க முடிகிறது. அப்படியானால் அவனிடம் சேமிக்கும் சக்தி இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. பெட்டியை மாற்றுவதொன்றே குறை.

அடுத்த சம்பள நாளில் சீட்டுக் கடை வாசலில் நிற்கும் அன்பர், கையிலுள்ள வெள்ளியை ஒரு முறை திருப்பிப் பார்ப்பாராக. அது அவர் வீட்டுப் பிள்ளையின் பெயரில் நிற்கவேண்டிய வெள்ளியன்றோ?