சுங்குடியும் நம் குல மாதரும்

நம் சமூகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பலரும் அரசர் அளித்த சாசனங்களையும், ஆலயங்களுக்கு நம்மவர் செய்த கைங்கரியங்களையும், நெசவிலும் வாணிகத்திலும் பெயர் பெற்ற பெரியோர் வாழ்க்கையையும் எடுத்து எழுதினர். அவையெல்லாம் எழுதத்தக்கனவே. ஆயினும், நாம் வாழும் ஊரின் பெயரோடு சேர்ந்து நாடெங்கும் வழங்கும் பொருள் ஒன்றுண்டு. அது மதுரைச் சுங்குடி. அதனை ஆக்கியவர் யாவர் என வினவின், சாயக்காரர் என்பர் சிலர். ஜவுளி வணிகர் என்பர் சிலர். அச்சேலையின் ஒவ்வொரு புள்ளியையும் தம் விரலாற் பற்றி நூலாற் கட்டியவர் நம் வீட்டுப் பெண்டிர் என்பதை எடுத்துரைப்பார் அரியர். அவர்தம் பெயர் எச்சாசனத்திலும் இல்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முடிச்சுக் கலையின் பழமை

துணியின் ஒரு சிறு பகுதியைக் கிள்ளியெடுத்து நூலால் இறுகச் சுற்றிக் கட்டிச் சாயத்தில் இடின், கட்டுண்ட இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்த பின் கட்டை அவிழ்க்க, அவ்விடம் வெண்புள்ளியாகத் தோன்றும். சுங்குடியின் இரகசியம் முழுவதும் இவ்வளவே. சொல்லுதற்கு எளிது, செய்தற்கோ பொறுமையும் பழக்கமும் வேண்டும்.

இம்முறை பரத கண்டத்தில் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் விளங்கிய பாணபட்டர், தாம் இயற்றிய ஹர்ஷ சரிதத்தில் அரசரின் தங்கை ராஜ்யஸ்ரீயின் திருமண ஆயத்தங்களை வருணிக்குமிடத்து, முடிச்சிட்டுச் சாயம் ஊட்டும் துணிகளையும் குறித்திருக்கின்றார். அங்கு முடிச்சிடும் வேலையில் முதிர்ந்த மகளிர் ஈடுபட்டிருந்தனர் என்பது நாம் கருதத்தக்கது. எனவே, அக்காலத்திலேயே இது கடைத்தெருத் தொழிலாக மாத்திரம் இராமல், மங்கல காலத்தில் மனைக்குள் மூத்த பெண்டிர் முன்னின்று செய்யும் வேலையாகவும் இருந்தது என்பது பெறப்படும்.

இக்காலத்தும் கூர்ஜர நாட்டில் ஜாம்நகரிலும் கச்சுப் பகுதியிலும் இக்கலை 'பாந்தனி' என்னும் பெயரால் விளங்குகின்றது. கட்டுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்தது இச்சொல். ஆங்கிலேயர் கைக்குட்டைக்கு வழங்கும் 'பாண்டானா' என்னும் சொல்லும் இவ்வேரினின்று சென்றதே. அங்குச் சாயமிடும் தொழிலைக் கத்திரி வகுப்பினர் செய்ய, முடிச்சிடும் வேலையைப் பெண்டிர் தத்தம் இல்லங்களில் இருந்தே செய்கின்றனர். ஆடவர் சாயமிடுதலும் மகளிர் முடிச்சிடுதலுமாகிய இம்முறையையே நாம் மதுரையிலும் காண்கின்றோம்.

முன்னோர் வந்த வழி

நம் முன்னோர் சௌராஷ்டிர தேசத்தினின்று புறப்பட்டு, தேவகிரியில் தங்கி, பின் விஜயநகரம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே வந்தனர் என்பது நம் குல மரபு. திருமண நிச்சயத்தின்போது இரு வீட்டாரும் வினாவும் விடையுமாக இவ்வழியைச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம்முள் இருந்ததைப் பெரியோர் அறிவர். 1026-ஆம் ஆண்டில் சோமநாதபுரம் சூறையாடப்பட்டதும், 1565-ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்ததும் இப்பெயர்ச்சிகளுக்குக் காரணமாகக் கூறப்படும். மதுரையில் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். அவர் எடுப்பித்த மகாலைச் சூழ்ந்த தெருக்களில் நம்மவர் நெருங்கிக் குடியிருந்ததை இன்றும் காணலாம்.

மந்தசோர் என்னும் ஊரில் உள்ள கல்வெட்டையும் நம்மவர் சிலர் எடுத்துக் காட்டுவர். லாட தேசத்தினின்று குடிபெயர்ந்த பட்டு நெசவோர் ஐந்தாம் நூற்றாண்டில் அங்குச் சூரியனுக்குக் கோயில் எடுத்த செய்தியை அது கூறுகின்றது. அவர்களே நம் நேர் முன்னோர் என்று துணிதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. நெசவோர் கூட்டமாகக் குடிபெயர்தல் அக்காலத்து வழக்கமே என்பதற்கு மாத்திரம் அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

கல்லிலும் செம்பிலும் உள்ள சான்றினும் வலிய சான்று நம் வீட்டில் உண்டு. அது நம் தாய்மொழி. கூர்ஜரம், மராட்டியம் ஆகியவற்றின் இனத்ததாகிய அம்மொழி, வழியில் தெலுங்குச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் ஏற்றுக்கொண்டு, நாம் நடந்த பாதையைத் தன்னுள் காட்டுகின்றது. பள்ளிக்கூடத்தில் அதனை நமக்குக் கற்பித்தார் யார்? ஒருவருமிலர். அன்னையர் அடுக்களையில் பேசினர், மக்கள் கற்றனர். முடிச்சுக் கலையும் அவ்வாறே வந்தது. வாயில் மொழியாகவும் விரலில் முடிச்சாகவும் நம் பழமையைச் சுமந்து வந்தோர் மாதரே என்க.

வீடே தொழிற்சாலை

என் பாட்டியார் பகல் உணவு முடிந்ததும் கூடத்துத் தூணில் சாய்ந்து அமர்வார். வெண்துணியை மடித்துப் புள்ளி குறித்து மடியில் வைத்துக்கொள்வார். இடக்கை விரல் நுனியால் துணியைக் கிள்ளி உயர்த்துவார். வலக்கை நூலை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுக்கும். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குச் செல்லும். கண் துணியில் இராது. வாயிற்படியில் விளையாடும் எங்கள் மீதே இருக்கும். ஒரு சேலைக்குப் பல்லாயிரம் முடிச்சுகள். எண்ணுதல் சிறுவராகிய எங்கள் வேலை. எண்ணிக்கைக்கே கூலியாதலின், நாங்கள் பிழையாக எண்ணினால் வீட்டிற்கு நட்டம். தம் பெயரை எழுத அறியாத அம்மூதாட்டியார், நாங்கள் கூறிய கணக்கில் நூறு குறைந்தாலும் துணியைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பார். அவர் முடித்த துணி வணிகர் கைக்குச் செல்லும். விரலில் நூல் அறுத்த தழும்பு அவரிடம் தங்கும்.

முன்னாளில் செந்நிறத்திற்குச் சாயவேரும், நீலத்திற்கு அவுரியும், துவர்ப்பேற்றக் கடுக்காயும், நிறம் பற்றிக்கொள்ளப் படிகாரமும் உதவின. சாயவேர் கடற்கரை மணற்பாங்கில் விளைவது. அதன் வேர்ப்பட்டையிலேயே நிறம் உள்ளது. மதுரைச் சிவப்பு நூலுக்காக நூலை எண்ணெயிலும் உமரிச் செடியின் சாம்பல் நீரிலும் பன்முறை தோய்த்து வெயிலில் உலர்த்திய பின்பே சாயவேர் நீரில் இடுவர். ஒரு சேலையில் வெள்ளையும் மஞ்சளும் ஆகிய இருநிறப் புள்ளிகள் வேண்டின், முதலில் வெள்ளைக்குரியவற்றைக் கட்டி மஞ்சளில் தோய்ப்பர். உலர்ந்தபின் மஞ்சளுக்குரியவற்றைக் கட்டிச் சிவப்பிலோ அரக்கிலோ தோய்ப்பர். அடர்ந்த நிறம் எப்போதும் இறுதியிலேயே வரும். எல்லாம் முடிந்து துணியின் இரு ஓரங்களையும் இருவர் பற்றி இழுக்க, முடிச்சுகள் தெறித்து அவிழும். அவ்வேளையில் வீட்டார் அனைவரும் கூடி நிற்பர்.

சாயம் மாறியது, முடிச்சு மறைந்தது

1856-ஆம் ஆண்டில் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயத்தை முதன்முதற் கண்டார். 1868-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன நூலோர் இருவர், சிவப்புச் சாயவேர்களின் நிறத்திற்கு மூலமான அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1897-ஆம் ஆண்டில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதன்பின் சாயவேரும் அவுரியும் சாயப்பட்டறைகளை விட்டு நீங்கலாயின. 1956-ஆம் ஆண்டிலோ கொதிநீர் வேண்டாது குளிர்ந்த நீரிலேயே பருத்தியைப் பற்றும் சாயங்கள் விற்பனைக்கு வந்தன.

இச்சாயங்களே சுங்குடியைக் கெடுத்தன என்று சிலர் கூறுவர். அது பொருந்தாது. சாயம் எத்துணை முறை மாறினும் முடிச்சு மாறவில்லை. என் பாட்டியார் கட்டிய துணிகள் செயற்கைச் சாயத்தில் தோய்ந்தவையே. முடிச்சை வீழ்த்தியவை இரண்டு. ஒன்று, மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும். முடிச்சிட்டுப் பல நாள் உழைத்துப் பெறும் புள்ளிகளை மெழுகில் தோய்த்த அச்சுக்கட்டை ஒரே நாளில் தந்துவிடும். மற்றொன்று, கூலி. முடிச்சிடும் மாதருக்குக் கிடைத்த கூலி, அவர்தம் கண்ணொளிக்கும் காலத்திற்கும் ஈடாக இருந்ததே இல்லை. மூத்தோர் கை ஓய்ந்தபோது இளையோர் அவ்விடத்தில் வந்து அமரவில்லை. அவர்களைக் குறை கூறல் அறமன்று. அரை வயிற்றுக்கும் போதாத தொழிலை மகளுக்குக் கற்பிக்க எத்தாய் விழைவாள்?

2005-ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நமக்குப் பெருமையே. ஆயினும் இக்காலத்தில் சுங்குடி என்னும் பெயரால் விற்பனவற்றுள் பெரும்பாலன முடிச்சே காணாதவை. அச்சுச் சுங்குடியும் நம்மவர் பலருக்குச் சோறளிக்கின்றது. அதனை நான் இகழேன். அதனை அதன் பெயராலேயே விற்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். இரண்டினையும் ஒரே பெயரால் விற்பின், முடிச்சிட்டவள் அச்சின் விலையோடு போட்டியிட நேரும்; அப்போட்டியில் அவள் தோற்பது திண்ணம்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவரிடம், வீட்டிலுள்ள சுங்குடித் துணி ஒன்றைக் கொண்டு வருமாறு கூறினேன். பதினான்கு துணிகள் வந்தன. அவற்றுள் முடிச்சிட்டது ஒன்றே. அதனைக் கொணர்ந்த சிறுவன், அது கறைபட்டது போலும் எனக் கருதி வெட்கத்தோடு நீட்டினான். புள்ளிகள் ஒரே அளவினவாக இல்லாமையே அவன் வெட்கத்திற்குக் காரணம். அச்சில் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோல் இருக்கும். முடிச்சில் ஒவ்வொன்றும் சிறிது வேறுபடும். பல புள்ளிகளின் நடுவே ஒரு சிறு நிறத்துளி நிற்கும். துணியும் புதிதாயிருக்கும்வரை சுருங்கிச் சுருங்கித் தோன்றும். இவற்றை எடுத்துக் காட்டியபின் அவன் துணியை மடித்து வைத்துக்கொண்ட விதமே வேறாயிருந்தது.

செய்யத்தக்கவை

இத்தொழிலால் மாத்திரம் நம் குடும்பங்கள் பிழைக்கலாம் என்று நான் கூறவரவில்லை. மொழியைப்போல் இதனையும் இல்லத்தில் காத்தல் இயலும் என்பதே என் கருத்து. கோடை விடுமுறையில் ஒரு நாள் போதும். புதுப் பருத்தித் துணியின் கஞ்சி நீங்க நன்கு துவைக்க. மடித்துப் புள்ளியிட்டு, தடித்த நூலால் இறுகக் கட்டுக. சாயத்தில் இடுமுன் துணியை வெறுநீரில் நனைக்க. கடையில் கிடைக்கும் குளிர்நீர்ச் சாயத்தை உப்பும் சலவைச் சோடாவும் சேர்த்துப் பயன்படுத்துக, கையுறை வேண்டும், சமையற் பாத்திரம் கூடாது. முதலில் கைக்குட்டை அளவில் தொடங்குக. முடிச்சிடுதலை வீட்டில் உள்ள முதியவரிடம் கேட்டறிக. அவர் ஒருவேளை 'இஃது எதற்கு இப்போது?' என்பார், ஆயினும் துணியைக் கையில் கொடுத்தால் விரல் தானே கிள்ளத் தொடங்கும்.

சங்கத்தாருக்கும் இரு விண்ணப்பங்கள் உண்டு. நம் குலத் திருமணங்களில் ஒரு சேலையேனும் முடிச்சுச் சுங்குடியாக, உரிய விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். விலை உயர்ந்ததென்று பேரம் பேசலாகாது. மற்றொன்று, முடிச்சிட்ட மாதரின் பெயர்களை வீடுதோறும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிக்கும் நாம், இவர்கள் பெயரை ஒரு குறிப்புப் புத்தகத்திலேனும் எழுதலாகாதா? அறிந்து சொல்வோர் உள்ளபோதே இதனைச் செய்தல் நலம். இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் இன்றிரவே தத்தம் அன்னையரையும் பாட்டியரையும் வினவித் தொடங்குவார்களாக.