அயல்நாட்டுத் துணையுடன் குடிபெயர்தல்: பூந்தமல்லி முதல் அம்பத்தூர் வரை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ வசிக்கும் ஒருவர் அமெரிக்கக் குடிமகன் ஒருவரை மணந்து, அவருடன் அந்நாட்டில் குடியேற விண்ணப்பிக்கும்போது தடிமனான ஒரு கோப்பைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காவல்துறையின் தடையின்மைச் சான்று, துணைவரின் வருமான உறுதிமொழி, திருமணப் புகைப்படங்கள் எனப் பல தாள்கள் அதில் இருக்கும். இவற்றில் எதுவும் ஒரே நாளில் விதியாகிவிடவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது; அந்தச் சட்டத்துக்குப் பின்னால், அயல்நாட்டவரை மணந்தவர் மீது ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் அரசு கொண்ட சந்தேகம் இருக்கிறது. மணந்தவரைத் தன் நாட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்பது இன்று இயல்பான உரிமையாகத் தோன்றினாலும், வரலாற்றில் அது மிகவும் பிந்தி வந்த ஒன்று.

பூந்தமல்லி படைமுகாம்

சென்னையில் ஐரோப்பியருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் இடையிலான திருமணத்தை முதலில் ஊக்குவித்தது கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1687-இல் இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஆதரிக்கும்படி கூறினர். அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்பது அவர்கள் யோசனை. இங்கிலாந்திலிருந்து பெண்களை வரவழைக்கும் செலவு மிச்சம். கோட்டைக்குப் புதிய தலைமுறை வீரர்களும் கிடைப்பார்கள். கணக்கு அவ்வளவுதான். அந்த மனைவி ஒருநாள் கணவனுடன் கப்பலேறுவாள் என்ற எண்ணம் அதில் எங்குமே இல்லை.

நூறு ஆண்டுகளுக்குப் பின் கம்பெனியின் மனநிலை மாறியது. கல்கத்தாவில் பெற்றோரை இழந்த கலப்பினக் குழந்தைகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வதை 1786-இல் ஓர் உத்தரவு தடுத்தது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பவர் கம்பெனியின் உயர் பணிகளில் சேர முடியாது என்று 1791-இல் இன்னோர் உத்தரவு வந்தது.

கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் இருந்த பூந்தமல்லி, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர்களின் டிப்போவாக விளங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கியவர்கள் இங்கே தங்கித்தான் தத்தம் படைப்பிரிவுகளுக்குப் போனார்கள். நோயுற்றவர்களும் இங்கே இருந்தார்கள். பிரிட்டிஷ் படையில் ஒரு வீரன் மணம் செய்துகொள்வதற்கே மேலதிகாரியின் அனுமதி வேண்டும். படைப்பிரிவு கடல் கடக்கும்போது ஆங்கிலேய மனைவியரிலேயே குறிப்பிட்ட சிலருக்குத்தான் கப்பலில் இடம் கிடைத்தது. யார் போவது, யார் நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட காலம் அது. இந்திய மனைவியரின் நிலை இதைவிட மோசம். படைப்பிரிவு தாயகம் திரும்பும்போது அவர்களுக்கு அரசு செலவில் பயணம் கிடையாது. ஆகவே, வேறு படைப்பிரிவுக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு இந்தியாவிலேயே தங்கிவிட்ட வீரர்கள் உண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்களும் உண்டு. மாதா கோயில் பதிவேட்டில் திருமணம் செல்லும். துறைமுகத்தில் அது செல்லாது.

மனைவியின் குடியுரிமை யாருடையது?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடவுச்சீட்டும் விசாவும் பரவலானபோது இந்த வழக்கம் சட்டமாகவே எழுதப்பட்டது. அமெரிக்கா 1917-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக்கியது. இந்தியாவும் அதில் அடக்கம். 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர்கள் சட்டத்தின் பொருளில் ‘வெள்ளையர்’ அல்லர் என்பதால் குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பளித்தது.

இதன் விளைவு இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களையும் தாக்கியது. கணவனின் குடியுரிமையே மனைவியின் குடியுரிமை என்பது 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கை. 1922-இல் வந்த கேபிள் சட்டம் இதைத் தளர்த்தியது. ஆனால் குடியுரிமை பெறத் தகுதியற்ற இனத்தவரை மணக்கும் பெண்ணுக்கு மட்டும் பழைய தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டது. வங்காளப் புரட்சியாளர் தாரகநாத் தாஸை 1924-இல் மணந்த மேரி கீட்டிங், அமெரிக்காவில் பிறந்தவராக இருந்தும் தன் குடியுரிமையை இழந்தார். இந்தப் பிரிவு 1931-இல்தான் திருத்தப்பட்டது. துணையை அழைத்து வருவது இருக்கட்டும், மணந்தவரே தன் நாட்டில் அந்நியராகிவிட்ட காலம் அது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் வயல் வேலைக்குச் சென்ற பஞ்சாபியர் ஊரிலிருந்து மனைவியரை வரவழைக்க முடியாமல், நூற்றுக்கணக்கில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தனர். அந்தப் பகுதியில் பஞ்சாபி–மெக்சிகோ குடும்பங்கள் என்றொரு தனிச் சமூகமே உருவானதற்கு இந்த விசாத் தடை ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதவு சற்றே திறந்தது. அமெரிக்கப் படைவீரர்கள் அயல்நாடுகளில் மணந்த மனைவியரை அழைத்துவர 1945 டிசம்பரில் ஒரு சட்டம் இடம் தந்தது. ஆனால் இனத் தகுதி விதி அப்படியே இருந்தது. 1946 ஜூலையில் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் தகுதியையும், ஆண்டுக்கு 100 பேர் என்ற குடியேற்ற ஒதுக்கீட்டையும் அளித்தது. ஒரு முழு நாட்டுக்கும் நூறு! குடியுரிமைக்கான இனத் தடை முற்றாக நீங்கியது 1952-இல். 1965 அக்டோபரில் வந்த புதிய குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி இனப் பாகுபாட்டு ஒதுக்கீட்டை ஒழித்தது. குடிமக்களின் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரை எண்ணிக்கை வரம்புக்கு வெளியே வைத்தது. இன்று அம்பத்தூரிலிருந்து விண்ணப்பிக்கும் மனைவியோ கணவனோ ஆண்டு ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே அடிப்படை. துணைவர் குடிமகனாக இல்லாமல் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் கதை வேறு. அங்கே ஒதுக்கீடும் காத்திருப்பும் உண்டு.

இனத்தின் இடத்தில் சந்தேகம்

இனத் தடை போனதும் அதன் இடத்துக்கு ‘இது உண்மையான திருமணம்தானா’ என்ற கேள்வி வந்தது. இதன் மிக இழிந்த வடிவத்தை இந்தியப் பெண்கள் அனுபவித்தது பிரிட்டனில்தான். 1979 ஜனவரியில் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், அங்கே குடியிருந்த ஒருவரை மணப்பதற்காக வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’க்கு உட்படுத்தப்பட்டார். அன்றைய விதிப்படி, மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை. மனைவியாக வருபவருக்கோ நீண்ட காத்திருப்பு. ஏற்கெனவே மணமானவர் வரிசையைத் தவிர்க்க மணப்பெண்ணாக வருகிறாரோ என்பது அதிகாரிகளின் ஐயம். அதைத் தீர்க்க அவர்கள் கண்ட வழி இது. கார்டியன் நாளிதழ் செய்தியை வெளியிட்டதும் பெரும் கண்டனம் எழுந்து, அந்தப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் தூதரக அலுவலகங்களிலும் இது நடந்திருந்ததைப் பிற்கால ஆவண ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன.

பிரிட்டனில் ஆண்–பெண் வேறுபாடும் தொடர்ந்தது. அங்கே குடியிருக்கும் ஆண் தன் மனைவியை வரவழைப்பது எளிது. பெண் தன் கணவனை வரவழைப்பது கடினம். கணவன் வந்தால் வேலையைப் பறிப்பான் என்பது அரசின் வாதம். அப்துல் அஜீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்ற மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே மாதம் இதைப் பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் அரசு தீர்ப்புக்குப் பணிந்தது. ஆனால் ஆண்களுக்கு இருந்த சலுகையைப் பெண்களுக்கும் தருவதற்குப் பதிலாக, ஆண்களுக்கு இருந்த சலுகையைக் குறைத்துச் சமன் செய்தது. பிற்காலத்தில் தடை பணத்தின் வடிவில் வந்தது. துணையை அழைக்க விரும்புபவரின் ஆண்டு வருமானம் குறைந்தது 18,600 பவுண்டு என 2012-இல் விதிக்கப்பட்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

அமெரிக்காவில் இதற்கு இணையான திருப்பம் 1986-இல் நிகழ்ந்தது. குடியேற்றத்துக்காக நடக்கும் திருமணங்களில் 30 சதவீதம் போலியானவை என்று குடியேற்றத் துறையின் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். அந்த எண்ணுக்கு ஆதாரமான ஆய்வு முறையானதல்ல என்பது பின்னர் தெரியவந்தது. அதற்குள் சட்டம் நிறைவேறிவிட்டது. அதன்படி, மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகுமுன் அமெரிக்காவில் நுழைபவருக்கு நிபந்தனைக்குட்பட்ட கிரீன் கார்டு மட்டுமே கிடைக்கும். சிஆர்-1 என்ற விசா வகை இதுவே. இரண்டாண்டு கடந்த திருமணத்துக்கு ஐஆர்-1. நிபந்தனைக் காலமான இரண்டு ஆண்டு முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

சேர்ந்து என்ற அந்த ஒரு சொல் புதிதாக வந்தவரின் சட்ட நிலையை மற்றவரின் பேனா முனையில் வைத்தது. அடித்துத் துன்புறுத்தும் கணவனே கையெழுத்துப் போட வேண்டியவனும் ஆனான். வீட்டை விட்டு வெளியேறினால் நாட்டை விட்டும் வெளியேற நேரும் என்ற அச்சத்தில் பெண்கள் பொறுத்துப்போனார்கள். இதனால் 1990-இல் கொடுமைக்கு ஆளானவருக்கு விலக்கு சேர்க்கப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம், அத்தகையவர் தாமே தனியாக மனு செய்யவும் வழி தந்தது. ஊரிலிருந்து புறப்படும் பலருக்கு இந்த இரு விலக்குகளும் தெரிவதில்லை. விசா விண்ணப்பத்துக்குச் சொல்லப்படும் நூறு அறிவுரைகளில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

மேற்குப் புறநகரின் தாள்கள்

1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. தொழிலாளர் குடியிருப்புகளாகத் தொடங்கிய பகுதி இது. அடுத்த தலைமுறை பொறியியல் படித்துக் கணினி நிறுவனங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் போனது. உடன் படித்தவரை, உடன் வேலை செய்தவரை மணப்பது அதன் தொடர்ச்சி.

திருமணச் சான்றிதழுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரம்ம சமாஜத்தின் கேசப் சந்திர சென் போன்றோரின் முயற்சியால் வந்த 1872-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில், மணமக்கள் தாம் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதம் உள்ளிட்ட எதையும் சார்ந்தவர் அல்லர் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையை முழுவதும் நீக்கியது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்தை ஏற்ற 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் இரு இந்துக்களுக்கு இடையிலான மணத்துக்கே பொருந்தும் என்பதால், வேற்று மத அயல்நாட்டவரை மணப்போர் பெரும்பாலும் சிறப்புத் திருமணச் சட்டத்தையே நாடுகின்றனர். ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும்; அறிவிப்பு கொடுத்து இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு வார விடுமுறையில் வரும் அயல்நாட்டு மாப்பிள்ளை தவறவிடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான்.

பிறப்புச் சான்றிதழில் இப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1980-களில் அம்பத்தூரில் பிறந்த ஒருவரின் ஊர் அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. வீடு மாறாமலே அவருடைய முகவரி மூன்று மாவட்டங்களைக் கடந்திருக்கிறது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. 2022 ஜனவரி 1 முதல் இப்பகுதிகள் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வந்ததால், தடையின்மைச் சான்றுக்கான விசாரணையும் அங்கிருந்தே நடக்கிறது. பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இல்லாமல் தந்தை, தாய் பெயர்கள் மட்டும் இருப்பதும் உண்டு. அதைப் பதிவு செய்வது தனி வேலை.

தமிழர் பெயர்முறையும் கோப்பில் இடறும். தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கப் படிவத்துக்குப் புரியாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், இருக்கும் பெயர் குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயரின் இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். கணவரின் உறவினர் வீட்டு விருந்தில் அதை விளக்கிச் சொல்வது பலருக்குப் பழகிப்போன கதை.

வருமான உறுதிமொழி 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரவு. அழைக்கும் துணைவர் அமெரிக்க வறுமைக் கோட்டு வருமானத்தின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் ஈட்டுவதைக் காட்ட வேண்டும். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு தானாக நீங்காது. கோப்பு முழுமையானதும் நேர்காணலுக்குச் சென்னை அண்ணா மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்துக்குப் போனால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். அது வேலை, மாணவர், சுற்றுலா விசாக்களுக்குப் பெயர்பெற்ற இடம். குடியேற்ற விசாவுக்கு அண்மை ஆண்டுகளில் மும்பைக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலும் இதே தர்க்கம் உண்டு. இந்தியரை மணந்த அயல்நாட்டவர் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ, பெறுவதற்குத் திருமணம் பதிவாகித் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அமெரிக்கச் சட்டம் 1986-இல் தேர்ந்தெடுத்த அதே இரண்டு ஆண்டுகள். திருமணம் சட்டப்படி முறிந்தால் அந்த அட்டையை அரசு ரத்து செய்யலாம்.