கவிதையிலிருந்து வந்த காப்பாட்சியர்

நம் அரசு அருங்காட்சியகங்களில் ‘காப்பாட்சியர்’ என்றொரு பதவிப்பெயர் உண்டு. செப்புத் திருமேனிகளையும் நாணயங்களையும் கல்வெட்டுகளையும் காத்து வைப்பவர் என்னும் பொருள்பட அமைந்த நல்ல சொல். ஆனால், தீட்டிய வண்ணம் இன்னும் உலராத சமகால ஓவியத்திற்குக் காப்பாட்சியர் எதற்கு? அங்கே அவருடைய முதன்மையான பணி தெரிந்தெடுப்பதும், ஒன்றன் அருகில் மற்றொன்றை வைத்துப் பொருள் காண்பதுமே. தொகை நூல்களோடு பழகிய நமக்கு இது புரியாததன்று. தொகுத்தவர் எதைக் கொண்டார், எதை விட்டார் என்பதே பிற்காலத்தார்க்கு இலக்கிய வரலாறாகிவிடுகிறது. அவ்வாறு விடப்பட்டவற்றைக் குறித்தே வாழ்நாள் முழுதும் கேள்வி எழுப்பியவர் ஓக்வி என்வேசோர்.

நைஜீரியாவின் கலாபார் நகரில் 1963இல் இக்போ குடும்பமொன்றில் பிறந்தவர் என்வேசோர். பயாஃப்ரா போர் அவருடைய குழந்தைப் பருவத்தை ஊர் ஊராக அலைய வைத்தது. 1982இல் அமெரிக்கா சென்று அரசியல் அறிவியல் பயின்றார். கலை வரலாற்றில் பட்டம் ஏதும் பெறவில்லை. நியூயார்க்கின் கவிதை அரங்குகளில் தம் கவிதைகளை வாசித்துவந்த அவ்விளைஞருக்கு அந்நகரத்துக் கலைக்கூடங்களில் ஒரு குறை தென்பட்டது. ஆப்பிரிக்க முகமூடிகளுக்கு அங்கே இடம் இருந்தது. உயிரோடிருந்த ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கு இடம் அரிதாகவே இருந்தது.

இக்குறைக்கு அவர் தந்த முதல் விடை ஓர் இதழ். நண்பர்களுடன் சேர்ந்து 1994இல் ‘என்கா’ என்னும் ஆப்பிரிக்கச் சமகாலக் கலை இதழைத் தொடங்கினார். இக்போ மொழியில் அச்சொல்லுக்குக் கலை என்பது பொருள். சிற்றிதழ் ஒன்று இலக்கியப் போக்கையே மாற்றக்கூடும் என்பதை அறிந்த வாசகர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இரண்டே ஆண்டுகளில், 1996இல், நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் முப்பதின்மரின் ஆக்கங்களைக் கொண்ட கண்காட்சியைப் பிறரோடு இணைந்து அமைத்தார். அதுவரை பிறர் ஒளிப்படக் கருவிக்கு முன்னே நிறுத்தப்பட்ட மக்கள், அங்கே கருவிக்குப் பின்னே நின்றனர்.

வெற்றிகள் மட்டுமே நிறைந்த வாழ்க்கையன்று அது. 1997இல் அவர் பொறுப்பேற்று நடத்திய இரண்டாம் ஜோஹன்னஸ்பர்க் இருபதாண்டு விழாவோ நூற்றாண்டு விழாவோ அன்று; ஈராண்டுக்கொருமுறை நடத்தவெனத் திட்டமிட்ட கலைவிழா. நகராட்சியின் நிதி நெருக்கடியால் அது குறித்த நாளுக்கு முன்னரே மூடப்பட்டது. மூன்றாம் விழா நடக்கவேயில்லை.

அடுத்து வந்ததே பெரும் பொறுப்பு. ஜெர்மனியின் காஸல் நகரில் 1955 முதல் நடந்துவரும் டாக்குமெண்டா கண்காட்சியின் பதினொன்றாம் பதிப்பை (2002) இயக்கியவர் அவரே; ஐரோப்பியரல்லாத முதல் இயக்குநரும் அவரே. கண்காட்சியை அவர் ஐந்து ‘மேடை’களாகப் பகுத்தார். முதல் நான்கும் கருத்தரங்குகள். அவை வியன்னா–பெர்லின், புதுதில்லி, செயின்ட் லூசியா, லாகோஸ் ஆகிய இடங்களில் நடந்தன. ஐந்தாவதே காஸலில் நடந்த கண்காட்சி. 2001இல் தில்லியில் கூடிய அரங்கு, கொடுமைகளைச் சந்தித்த சமூகங்களில் உண்மையும் நீதியும் எவ்வாறு மீட்கப்படும் என்பதை ஆராய்ந்தது. அதன் தலைப்பு ‘சத்திய சோதனை’யின் ஆங்கிலப் பெயரை நினைவூட்டுவதாக அமைந்தது. வாகா எல்லையைப் பற்றிய அமர் கன்வரின் படமும் காஸலில் இடம்பெற்றது. கண்காட்சியில் ஆவணத்தன்மை மிகுந்து அழகியல் குறைந்துவிட்டது என்ற விமரிசனமும் எழுந்தது. அது முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் எவருடைய ஆவணம் அதுவரை கலையாகக் கருதப்பட்டது என்ற எதிர்க்கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும்.

2011இல் அவர் மியூனிக்கின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் அருங்காட்சியகத்திற்கு இயக்குநரானார். அக்கட்டடத்தின் வரலாறு இங்கே இன்றியமையாதது. நாஜி ஆட்சி ‘ஜெர்மானியக் கலை’க்கென எழுப்பி, 1937இல் ஹிட்லர் திறந்துவைத்த மாளிகை அது. மறுநாளே அருகில் திறக்கப்பட்ட வேறொரு கண்காட்சியில் நவீனக் கலை ‘சீரழிந்த கலை’ என இழிவுபடுத்தப்பட்டது. இனத்தூய்மையின் பெயரால் கட்டப்பட்ட அதே மாளிகையில், 2016இல், போருக்குப் பிந்தைய இருபதாண்டுக் கலையை 65 நாடுகளின் 218 கலைஞர்கள் வழியாக என்வேசோரும் அவருடைய குழுவினரும் காட்டினர். அச்சுவர்களுக்கு இதனினும் தகுந்த மறுமொழி வேறென்ன இருக்க முடியும்?

இடையே 2015இல் வெனிஸ் கலைவிழாவையும் இயக்கினார். ஹரால்ட் ஸேமானுக்குப் பின் டாக்குமெண்டா, வெனிஸ் இரண்டையும் இயக்கியவர் அவரே. 2018இல், அருங்காட்சியகம் நிதி நெருக்கடியில் இருந்த வேளையில், நோயின் காரணமாகப் பதவி விலகினார். மது புட்டிகளின் மூடிகளைச் செப்புக் கம்பியால் கோத்துப் பெருந்திரைகள் சமைக்கும் எல் அனட்சுயியின் கண்காட்சி, என்வேசோர் இணைந்து உருவாக்கியது, 2019 மார்ச் 8 அன்று அதே மாளிகையில் திறக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 15 அன்று, அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55.

ஓவியம் ஒன்றையும் அவர் தீட்டவில்லை. சிற்பம் ஒன்றையும் செதுக்கவில்லை. ஆயினும் ‘உலகக் கலை’ என்று எழுதிவிட்டு இரு கண்டங்களை மட்டும் காட்டுவது இன்று எளிதன்று. அந்தத் தயக்கத்தை உண்டாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். தொகுப்பவர்க்கு இதைவிடப் பெரிய படைப்பு வேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது.