திரிலோக் வட்டே

‘சுழல்’ குற்றத் தொடரில் வரும் சீமெந்து ஆலை முதலாளி. வேடமேற்றவர் ஹரீஷ் உத்தமன். புஷ்கர்–காயத்ரி எழுதிய இத்தொடரின் முதல் பருவம் 2022 ஜூனில் அமேசான் பிரைமில் 8 பகுதிகளாக வந்தது.

தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருக்க, மயானக் கொள்ளைத் திருவிழாக் காலத்து இரவொன்றில் ஆலை பற்றி எரிகிறது. பழி முதலில் விழுவது தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் (பார்த்திபன்) தலையில். ஆலை எரிந்தால் முதலாளிக்குக் காப்பீட்டுப் பணம், கூலிக்காரனுக்கு நடுத்தெரு. இந்தக் கொடுங்கணக்கைத் தொடர் அழுத்தமாகவே காட்டுகிறது. திரிலோக் அரிவாள் தூக்குவதில்லை. பணமே அவரது ஆயுதம்.

ஆலை நின்றுபோன கதை இலங்கையின் கண்டாவளைப் பிரிவுக்கும் புதிதல்ல. அங்குள்ள பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அரசுக்குரியது; அதை நிறுத்தியது போர், பேராசை அல்ல. ஆயினும் ஆலை ஓய்ந்த ஊரின் வலியை அங்குள்ளவர்களுக்கு எந்தத் தொடரும் சொல்லித்தர வேண்டியதில்லை.